ஆறாம் தறியும் நாச்சியும்

எங்கள் தறிகளில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நெடுக்கே ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் நிற்காது. அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் நீளமாக ஒரு கோடு விழுந்துகொண்டே வரும். நாம்தான் நடந்து நடந்து பார்த்து நிறுத்த வேண்டும். கண் தப்பினால் நெய்த காடாத் துணியை மடித்துப் பார்க்கும் இடத்தில் பழுது என்று ஒதுக்கி, கூலியில் பிடித்துக்கொள்வார்கள். பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் இது சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

இரவு இரண்டு மணி வாக்கில், நான் முதல் தறிப் பக்கம் ஊடை நூல் சுற்றிய தார்க் குச்சியை மாற்றிக்கொண்டிருக்கும்போது, "ஆறு" என்பாள் நாச்சி. போய்ப் பார்ப்பேன். ஆறாம் தறியில் இழை அறுந்திருக்கும். தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, துண்டு நூல் சேர்த்து முடிந்து, விழுதுக் கண்ணில் நுழைத்து, அச்சில் இழுத்துவிட்டு மறுபடி ஓட்டுவேன். நன்றி எல்லாம் சொல்வதில்லை. அவளும் எதிர்பார்ப்பதில்லை.

நாச்சி எங்கள் தறிக்கூடத்தில் வேலை செய்யும் பெண் இல்லை. அவளுக்கு உடம்பு கிடையாது. பதின்மூன்று ஆண்டுகளாக என் மனத்துக்குள் இருக்கிறாள். எனக்கு 37 வயது. அவள் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள்போல நடந்துகொள்வாள். எனக்குப் பிடிக்கும் பாட்டு அவளுக்குப் பிடிக்காது. எனக்குப் பேய் மேல் பயம் உண்டு, அவளுக்கு இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், இதைக் கேட்டால் "பேய்க்கு எதற்குப் பேய் மேல் பயம்" என்பார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

2009-இல் கல்யாணமாகி வந்தேன். பிறந்த ஊர் காங்கேயம் பக்கம். ஆடு, மாடு, கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடு என்று வளர்ந்தவள். எட்டுத் தறி ஒன்றாக ஓடும் சத்தத்துக்குள் முதல் நாள் நுழைந்தபோது தலைக்குள் யாரோ உரல் இடிப்பதுபோல் இருந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேசக்கூட முடியாது. கையசைத்து, உதட்டைப் பார்த்துத்தான் எல்லாம். பேசிப் பழகிய வாய்க்கு அது பெரிய தண்டனை. ஆகவே உள்ளுக்குள் பேசினேன். காலையில் பாலில் தண்ணீர் கலந்து ஊற்றியவர் முதல் மாலையில் நாத்தனார் சொன்ன குத்தல் வரை, யாரோ பக்கத்தில் நின்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, எட்டு மணி நேரமும் பத்து மணி நேரமும் சொல்லிக்கொண்டே தறி ஓட்டினேன். அந்தக் கேட்பவளுக்கு முதலில் பெயரில்லை. பிறகு மீரா என்று வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

2012-இல் தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு வாட்டி எடுத்தது நினைவிருக்கும். ஓர் இரவு பாதி வேலையில் மின்சாரம் போயிற்று. எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் செத்தன. காதுக்குள் மட்டும் இரைச்சல் மிச்சம். இருட்டில் நின்றபடியே நான் சொல்லிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தேன். என் தூக்குப்போசியை நாத்தனார் வேண்டுமென்றே எடுத்துப்போய்விட்டாள் என்பது அன்றைய வழக்கு.

"அவள் எடுக்கவில்லை. நீதான் சந்தையில் வெற்றிலைக்காரி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாய்."

இந்த வாக்கியத்துக்கு நான் வார்த்தை வைக்கவில்லை. காதில் விழவும் இல்லை. நாம் ஒன்றை நினைக்கும்போது "நான் நினைக்கிறேன்" என்று கூடவே ஒரு ருசி இருக்கும் அல்லவா, அந்த ருசி இதில் இல்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நீ யார் என்று கேட்டேன். நாச்சி என்றாள். அடுத்த சந்தையன்று வெற்றிலைக்காரி அம்மா தூக்குப்போசியை எடுத்துக் கொடுத்தார்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. போசியை அங்கே வைத்தது என் கைதான். என் கண் பார்த்திருக்கிறது, மனத்தின் ஏதோ மூலையில் அது இருந்திருக்கிறது. நாத்தனார் மேல் பழி போட வேண்டும் என்ற ஆசையில் எனக்கு அது தென்படவில்லை. நாச்சிக்கு அந்த ஆசை இல்லை. ஆறாம் தறி விஷயமும் அப்படித்தான். என் ஓரக்கண் எதையோ பார்த்திருக்கும், காது எதையோ கேட்டிருக்கும்; செய்தி அவள் வழியாக வந்து சேர்கிறது. எனக்குத் தெரியாத எதையும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பதினேழாம் வாய்ப்பாடு எனக்கு எங்கே தடுமாறுமோ அங்கேதான் அவளுக்கும் தடுமாறும். கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

அத்தைக்கு இது தெரியவந்தது என் வாய் அசைந்ததால். தறிக்கூடத்துக்கு வெளியேயும் நான் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கோடாங்கியிடம் கூட்டிப்போனார். எந்த ஊர் என்று வேண்டாம். வேப்பிலை, எலுமிச்சை, உடுக்கை. ஒரு மணி நேரம் அடித்தார். "யார் நீ, எங்கிருந்து வந்தாய், என்ன வேண்டும்?" என்று அதட்டினார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. உள்ளே நாச்சி, "இவர் யாரிடம் கேட்கிறார்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கோடாங்கிக்கு உற்சாகம் கூடிவிட்டது. இன்னும் ஓங்கி அடித்தார். கடைசியில் சேவல் ஒன்றும் ஆயிரத்தொரு ரூபாயும் ஆனது. அத்தைக்கு நிம்மதி கிடைத்தது, அந்தப் பணம் அதற்கே தகும் என்று விட்டுவிட்டேன்.

சாமி வருவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். எங்கள் பெரியப்பாவுக்குக் கருப்பணசாமி வரும். வந்தால் பெரியப்பா இருக்க மாட்டார். இறங்கிய பிறகு என்ன பேசினோம் என்பதும் அவருக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பேசாமல் பீடி பற்றவைப்பார். நாச்சி வந்தால் நானும் இருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. கோடாங்கிக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

பிறகு என் வீட்டுக்காரர் கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் நிதானமாகக் கேட்டார். குரல் வெளியிலிருந்து காதில் விழுகிறதா? உன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொல்கிறதா? தூக்கம், சாப்பாடு, வேலை கெடுகிறதா? பயமாக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். நீங்கள் பேசாதே என்றால் பேசாமல் இருக்குமா என்று கேட்டார். "பெரும்பாலும் இருப்பாள், தறி விஷயத்தில் மட்டும் கேட்க மாட்டாள்" என்றேன். இந்தப் பதில்களில் ஒன்று மாறினாலும் உடனே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மாத்திரை எழுதவில்லை. அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, மின்கட்டண அட்டையோடு வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். குரல் கேட்கிறது, பயமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், நாச்சியின் கதையைச் சொல்லி அவர்களை நிறுத்திவைக்க மாட்டேன். மருத்துவரிடம்தான் போகச் சொல்வேன்.

இதெல்லாம் ஆன பிறகும் இதற்கு ஒரு பெயர் உண்டென்று எனக்குத் தெரியாது. 2020 மார்ச் 25, ஊரடங்கு. தறிகள் நின்றன. மின்வெட்டில் நிற்பது வேறு. மின்சாரம் இருந்தும் நிற்பது வேறு. ஊரே வாயடைத்துப்போனது. எங்கள் தெருவில் மைனா கத்துவதைக் கல்யாணமாகி வந்த பிறகு அப்போதுதான் கேட்டேன். வீடு நிறைய ஆட்கள், நாள் முழுக்கப் பேச்சு. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கவனித்தேன், நாச்சியைக் காணோம். கூப்பிட்டேன். வரவில்லை. நானே அவளுக்காகப் பதில் சொல்லிப் பார்த்தேன். அது கிளிப்பிள்ளைப் பேச்சாக இருந்தது. எனக்கு வந்த பயத்தை வீட்டில் யாரிடம் சொல்வது? இல்லாத ஒருத்தி காணாமல் போய்விட்டாள் என்றா?

ஒன்பதாம் நாள், "தறி துருப்பிடித்துவிடும், எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்க்கலாம்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒன்றை ஓட்டினார். போதவில்லை. எட்டையும் ஓட்டச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எட்டையும் ஓட்டினார். கால்மணி நேரம் நடுவில் நின்றேன்.

"மூன்றுக்கு எண்ணெய் போதாது" என்றாள்.

அன்றிரவுதான் கைப்பேசியில் தேட ஆரம்பித்தேன். பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்ற ஆங்கிலம் எனக்கு; தடுக்கிய இடத்தில் பிறகு மகள் உதவினாள். டுல்பா என்ற சொல் அப்படித்தான் கிடைத்தது. திபெத்திய மொழியில் உருவெடுத்தது, தோற்றுவிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது, அதன் திரிபு. வேண்டுமென்றே மனத்துக்குள் ஒருவரை வளர்த்து, அவர் தானாகப் பேசும் வரை பழக்குவதை டுல்பாமான்சி என்கிறார்கள்.

இந்தச் சொல்லை மேற்கே பரப்பியவர் அலெக்சாண்டிரா டேவிட்-நீல் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. 1868-இல் பிறந்து 1969-இல் இறந்தவர். வேற்று நாட்டவருக்குக் கதவடைத்திருந்த லாசாவுக்குள் 1924-இல் பிச்சைக்காரி வேடத்தில் நுழைந்தவர். குள்ளமாக, பருமனாக, சிரித்த முகமாக ஒரு துறவியைத் தியானத்தால் உருவாக்கினாராம். சில மாதங்களில் கூடவே சுற்ற ஆரம்பித்ததாம். பிறகு சொன்ன பேச்சு கேட்காமல், மெலிந்து, முகத்தில் கள்ளத்தனம் ஏறி, அதைக் கரைக்க ஆறு மாதம் பாடுபட்டாராம். நடுவில் வெண்ணெய் கொடுக்க வந்த இடையர் ஒருவர் கூடாரத்தில் அதைப் பார்த்து நிஜமான லாமா என்று எண்ணிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். வெண்ணெய் என்றதும் எனக்கு ஊத்துக்குளி நினைவு வந்துவிட்டது. அதோடு அந்தக் கதை மேல் இருந்த பயமும் போய்விட்டது. பிறர் கண்ணுக்குத் தெரிந்தது என்ற இடத்தில் நான் அவரை நம்பவில்லை. ஆறு மாதம் பாடுபட்டதை நம்புகிறேன்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. 2015-இல் நடாஷா மைக்கிள்ஸ், ஜோசப் லேகாக் என்ற இரண்டு சமய ஆய்வாளர்கள் இந்தச் சொல்லின் வழித்தடத்தைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். இன்று டுல்பா என்று சொல்லப்படும் கருத்தில் திபெத்தின் பங்கைவிடப் பிரம்மஞான சபையின் பங்குதான் அதிகம் என்கிறார்கள். எண்ணத்துக்கு உருவம் உண்டு என்று எழுதியவர்கள் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும். அந்தச் சபையின் தலைமையகம் அடையாறில். ஆக, நான் இமயமலைக்கு அப்பால் தேடியது சென்னை வழியாகப் போய் வந்த சரக்கு. நூல் நம் ஊரில் நூற்கப்பட்டு, எங்கோ துணியாகி, வெளிநாட்டு முத்திரையோடு திரும்பி வருவது எங்களுக்குப் புதிதா என்ன?

இன்றைய வடிவத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இணையத்தில் கூடிய இளைஞர்கள். அவர்களில் பலர் குதிரைக்குட்டிக் கார்ட்டூன் ஒன்றின் ரசிகர்கள். அந்தக் குட்டிகளையே உள்ளே வளர்த்தார்கள். சிரிக்காதீர்கள். நான் காங்கேயத்துக்காரி; மனத்துக்குள் ஒரு மயிலைக் காளையை வைத்துக்கொண்டு பேசும் ஆண்களை எனக்குத் தெரியும்.

சாமுவேல் வெசியேர் என்ற மானிடவியலாளர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து இவர்களை ஆராய்ந்து 2016-இல் எழுதினார். பெரும்பாலோர் 19 முதல் 23 வயதுக்காரர்கள், கூச்சமும் தனிமையும் மிகுந்தவர்கள். மனத்துக்குள் துணை வந்த பிறகு வாழ்க்கை மேம்பட்டதாகச் சொன்னார்கள். இத்தனை மணி நேரம் பயிற்சி செய்தேன் என்று அவர்கள் கணக்கு வைக்கிறார்கள். நூறு, இருநூறு என்று பெருமை. நான் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மூன்று ஆண்டு. மகள் கைப்பேசியில் பெருக்கிவிட்டு, "அம்மா, நீ உலக சாம்பியன்" என்றாள். அவள் நாச்சியைப் பெரியம்மா என்றுதான் சொல்வாள்.

மனத்தில் உள்ளவர் தன்போக்கில் பேசுவது அப்படியொன்றும் அபூர்வமும் இல்லை. மார்ஜரி டெய்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் 2003-இல் 50 கதாசிரியர்களிடம் கேட்டபோது, 92 சதவீதம் பேர் தங்கள் பாத்திரங்கள் சில சமயம் தாமாகவே நடந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் கோடாங்கியிடம் யாரும் கூட்டிப்போகவில்லை. இன்னொரு ஆய்வு எனக்கு மறக்காது. டான்யா லூர்மன் என்ற மானிடவியலாளர், குரல் கேட்கும் நோயாளிகளைச் சென்னையிலும் கானாவின் அக்ராவிலும் கலிபோர்னியாவிலும் இடத்துக்கு 20 பேராகச் சந்தித்தார். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் அந்நியரின் வன்மையான குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது உறவினர் குரல்: அப்பா, அம்மா, மாமியார், நாத்தனார். அவை புத்தி சொல்லும், திட்டும், வீட்டு வேலையை ஏவும். அவர்கள் நோயாளிகள், என் கதை வேறு. ஆனாலும் படித்துவிட்டு அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மொழியிலும் இதற்கு இடம் இருக்கிறது. திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என்று இரண்டு அதிகாரங்கள். எடுத்துப் படித்துப் பார்த்தேன். அந்த இருபது குறளில் பெரும்பாலும் தலைவிதான் பேசுகிறாள்; நெஞ்சு வாய் திறப்பதே இல்லை. அங்கே வேலை நடக்கும் சத்தம் இல்லாததால் இருக்கலாம்.

ஊரடங்கில் பட்ட பயத்துக்குப் பிறகு, சத்தமில்லாமலும் நாச்சியைப் பார்க்கப் பழகினேன். அந்த இளைஞர்கள் மனத்துக்குள் ஓர் இடத்தைக் கட்டி, அங்கே துணையைச் சந்திக்கிறார்கள். மாளிகை, காடு, விண்கலம் என்று அவரவர் ஆசைப்படி. திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கல் சுமந்து கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்ததும், காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து "உன் நாளைத் தள்ளி வை" என்றதும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. எனக்குக் கோயில் கட்டும் வசதி இல்லை. அம்மா வீட்டுக் கொறங்காட்டை எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல், ஓரத்தில் ஆளில்லாத சாளைக் குடிசை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் கால்மணி நேரம் கண்ணை மூடி உட்காருவேன். கிளுவைக் குச்சி ஒவ்வொன்றாக நட்டேன் என்றே சொல்லலாம். முதல் மாதம் வேலி நிற்பதற்குள் தூக்கம் வந்துவிடும். இரண்டாம் மாதம் ஒருநாள் வேலிக்கு உட்புறம் அவள் நின்றாள். முகம் தெளிவில்லை. கால் தெரிந்தது, வெடிப்பு விழுந்த குதிகால். நான் கேட்கவே இல்லாத குதிகால்.

வேலியின் வாசலான கடவைத் தெற்கே வைத்திருந்தேன். அவள் கிழக்கே மாற்றிவிட்டாள். எத்தனை முறை தெற்கே வைத்தாலும் மறுநாள் கிழக்கே இருக்கும். சின்ன வயதில் பார்த்ததை அவள்தான் சரியாக வைத்திருக்கிறாளோ என்று அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "எந்தக் காலத்திலும் தெற்கேதான் கண்ணு, உன் அப்புச்சி வைத்தது" என்றார். ஆக நாச்சி சொல்வது தப்பு. சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை நான் உள்ளே போக வேண்டுமென்றால் கிழக்கே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கையை அவளுக்குக் கொடுத்துப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. உடம்பை முழுக்கத் துணையிடம் ஒப்படைப்போரும் இருக்கிறார்கள். தறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூல் துண்டுகளை எடுத்துவைத்து, முடி என்றேன். கை தானாகப் போவதுபோல் இருந்தது. முடிச்சைப் பார்த்தால் என் முடிச்சேதான். கட்டைவிரல் நகத்தால் அழுத்தும் பழக்கம் உட்பட. "அது உன் கை. வேறு எப்படி முடியும்?" என்றாள். அதோடு அதை விட்டுவிட்டேன். ஓடும் தறி பக்கத்தில் விளையாட்டுக்குக்கூட இதைச் செய்ய மாட்டேன்.

தேவையில்லை என்றால் துணையைக் கரைத்துவிடலாம் என்றும் படித்தேன். கவனம் கொடுக்காமல் விட்டால் மங்கிவிடுமாம். அதைப் படித்த அன்று நாச்சியும் படித்திருப்பாள்தானே; என் கண்ணால்தான் அவள் படிக்கிறாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் கொஞ்சம் கூடுதலாக அவளோடு பேசினேன்.

2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை வாரக்கணக்கில் நிறுத்தியபோது நாச்சி காணாமல் போகவில்லை. கொறங்காட்டில் இருந்தாள். ஆனால் எங்கள் கை வறண்டது. அடுத்த ஆண்டு இரண்டு தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டோம். ஏழும் எட்டும். ஓட்டிச் சம்பாதித்த தறியைத் தராசில் வைத்து எடை போடுவதைப் பார்க்க முடியாமல் வீட்டுக்காரர் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். நான் நின்று எடையைச் சரிபார்த்தேன். நாச்சியும் கூடவே எண்ணினாள்.

போன வாரம் அதே இரும்பு வியாபாரி வந்து மிச்சம் ஆறுக்கும் விலை சொன்னார். போன பிறகு வீட்டுக்காரர் என்னைக் கேட்டார், "நாச்சி என்ன சொல்கிறார்?" அவர் எப்போதும் அவளை மரியாதையாகத்தான் சொல்வார், வீட்டுக்கு மூத்தவரைச் சொல்வதுபோல.

"விற்கக் கூடாது என்கிறாளுங்க."

"சரி. மின்கட்டணத்தை அவர் கட்டிவிடுவாரா என்று கேட்டுச் சொல்."

கேட்டேன். பதில் இல்லை. நான்கு நாளாகக் கொறங்காட்டிலும் ஆள் தென்படவில்லை. கடவு மட்டும் கிழக்கே சாத்தியிருக்கிறது. நேற்று இரவு முதல் தறியில் தார் மாற்றிக்கொண்டிருந்தேன். "ஆறு" என்றாள். போய் முடிந்துவிட்டு வந்து பேச்சுக் கொடுத்தேன். திரும்பவும் வாய் மூடிக்கொண்டாள்.